இரண்டு வெள்ளைப் பூ

மாநீர்த்துறை நாயகி கோயில் நந்தவனத்தில் கொழுந்தப்பர் என்றோர் அடியார் இருந்தார். விடியுமுன் கிணற்றில் தலைமுழுகி, ஈரத் துணியோடு நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து, வாழைநாரில் தொடுத்து அம்மைக்குக் கொடுப்பார். கோயில் சோறு ஒரு வேளை. அதுவே அவர் பிழைப்பு. "அம்மா, இன்னைக்கு அரும்பு கொஞ்சம் சிறுசு, பொறுத்துக்க" என்று அவளிடம் பேசிக்கொண்டே தொடுப்பார். அவள் பதில் சொல்லவில்லையே என்று ஒரு நாளும் அவர் குறைப்பட்டதில்லை.

அந்த நாட்டில் பெரிய காரியம் எதற்கும் நாயகியிடம் பூக்கட்டிக் கேட்பார்கள். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மையின் பாதத்தில் வைக்க, பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே குளத்தில் விட்டுவிட வேண்டும். பிரிப்பது அம்மையைச் சந்தேகிப்பதாகும். பொட்டலம் கட்டும் பொறுப்பு கொழுந்தப்பருடையது. அவர் கையை யாரும் கவனித்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை.

அரசருக்கு ஒரே மகள் ஆதிநங்கை. குதிரைப்படை வீரன் பூவணனை அவள் உயிராக நேசித்தாள். அமைச்சர் மழவராயரோ அவளை வடகரை அரசனுக்குக் கட்டிவைக்கத் துடித்தார். அதில் அவருக்கு என்ன லாபமோ, அவருக்கே வெளிச்சம். நடுவில் தவித்த அரசர், "பூவணனுக்குக் குடுக்கலாமான்னு நாயகியையே கேட்டுருவோம்" என்றார்.

ஆதிநங்கை நந்தவனத்துக்கு ஓடி வந்தாள். "சிவப்பு வந்துட்டா நான் இந்தக் குளத்துலயே விழுந்துருவேன் அப்பரே" என்று விம்மினாள். சிறு வயதில் அவர் பக்கத்தில் அமர்ந்து நார் கிழித்துக் கொடுத்த பெண் அவள். அடியாருக்கு மனம் பொறுக்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டிவிட்டார்.

வெள்ளை வந்தது. ஊரே குலவையிட்டது, திருமணமும் நடந்தது. குளத்தில் மற்றப் பொட்டலம் மிதந்து போவதைக் கொழுந்தப்பர் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவமானம் தாங்காத வடகரை அரசன் படையெடுத்து வந்தான். பூவணன் அவனை விரட்டியடித்தான். ஆனாலும் ஊரில் பல வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. கைம்பெண்கள் சந்நிதியில் நின்று, "நாயகி சொன்ன கல்யாணத்துக்காகத்தானே போனாரு, போகட்டும் தாயே" என்று கும்பிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தப்பர் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டார். அவள் எங்கே சொன்னாள்? அவர் கையல்லவா சொன்னது!

அதன்பின் அவரால் பூவைத் தொட முடியவில்லை. கோயில் மாட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளப் போய்விட்டார். "பூக்காரருக்குப் பூ நாறுதாம், சாணி மணக்குதாம்!" என்று ஊர் சிரித்தது. நமக்கு இதுவும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். அம்மையிடம் அன்பு குறையவில்லை; அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் கூசினார்.

சொன்னால் ஆதிநங்கையின் வாழ்வு போகும். சொல்லாவிட்டால் நாயகியின் பேரில் பொய் நிற்கும். சோறு இறங்காமல் தவித்தவர், ஒரு நாள் அரசவைக்கே போய் அரசர் காலில் விழுந்தார்.

"நாயகி பேர்ல நான் பொய் கட்டிட்டேன் மகாராசா. இளவரசிக்கு ஒண்ணும் தெரியாது. என் தலைய எடுத்துக்கங்க, அந்தப் பிள்ளைகள விட்டுருங்க."

"ஏன் அப்பரே?" என்று மட்டும் கேட்டாள் அவையிலிருந்த ஆதிநங்கை. எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. செய்ததையா, சொன்னதையா?

மழவராயருக்கு வாயெல்லாம் பல். "பொய்யில நடந்த கல்யாணம் செல்லாது. மறுபடியும் கேப்போம். சிவப்பு வந்தா பூவணன் நாட்ட விட்டுப் போகணும், இளவரசி வடகரைக்குப் போகணும். பொட்டலத்த இந்தத் தடவை நானே கட்டுறேன்" என்றார். அரசரும் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்.

சந்நிதி நிறைந்திருந்தது. கை கட்டப்பட்டு நின்ற கொழுந்தப்பர் வெகுநாளைக்குப் பின் அம்மையை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு உன் வாயப் பொத்திட்டேன் தாயே. இன்னைக்கு நீயே பேசு. எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்று அழுதார்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அதெப்படி? ரெண்டுலயும் சிவப்பைத்தானே வச்சேன்!" என்று அலறிவிட்டார் மழவராயர். அலறிய பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காவலர் அவரைப் பிடித்துக்கொண்டனர்.

அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. எல்லோரும் கேட்டார்கள்.

"கொழுந்தா, அன்னைக்கும் நான் வெள்ளையத்தானேடா எடுத்துக் குடுத்திருப்பேன். கொஞ்சம் என்னை நம்பியிருக்கக் கூடாதா? போரை மூட்டினது வடகரையானோட மண்ணாசை, உன் பூவில்ல. நீ வராம என் கழுத்து எத்தனை நாளா வெறுமையா இருக்கு, பாரு."

கொழுந்தப்பர் குழந்தைபோல் தேம்பினார். பூவணனே அவர் கட்டை அவிழ்த்துவிட்டான். ஆதிநங்கை நார் கிழித்துக் கொடுக்க, அங்கேயே உட்கார்ந்து மாலை தொடுத்தார்.

அம்மை மன்னித்தும் அவர் தம்மை முழுதாக மன்னிக்கவில்லை. போரில் மாண்டவர் வீடுகளுக்குக் கடைசி வரை காலையில் பூக்கொண்டு போனார். பொட்டலம் மட்டும் பிறகு கட்டவே இல்லை. தெய்வத்தையே காத்திருக்க வைத்த அந்தப் பூங்கையரின் அடியை நாமும் வணங்குவோம்.