மழைக்கு முந்தைய படம்

"மூணு நாளா ஒரே படத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன், மேடம். சரிஞ்ச மலையைக் கண்டுபிடிக்க எப்பதான் சொல்லித் தரப் போறீங்க?"

சவரிராஜுக்கு ஐம்பத்து மூன்று வயது. மலை மேலிருந்த பேரிடர் அறைக்கு மாற்றலாகி வந்தவர். கற்றுத்தர வந்த வேதவல்லிக்கு முப்பது சொச்சம். பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவழிப்பவர்.

அவர் ஒரு பென்சிலை நீட்டினார்.

"ஓரங்களை வரைங்க, சார்."

மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் செயற்கைக்கோள் ரேடார், மழைக்கு முன்னால் எடுத்த படம் அது. சாம்பல் நிறத்தில் தேயிலை மலைகள். சவரிராஜ் முணுமுணுத்துக்கொண்டே பாதை, ஓடை, வடிகால் என்று ஒவ்வொன்றாக வரைந்தார்.

சாயங்காலம் பென்சில் ஒரு சின்ன வெள்ளைக் கோட்டின்மேல் நின்றது. தகரக் கூரை.

"இது எங்க லயன், மேடம், தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடு. இங்கதான் பிறந்தேன். அக்கா இன்னும் இங்கதான் இருக்கா."

வேதவல்லி பென்சில் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"மேல இருக்கிறது எட்டாம் நம்பர் தேயிலைக் காடு. பள்ளிக்கூடம் விட்டதும் இந்த வழியா ஓடி, இலை எடை போடுற இடத்துல அம்மாவைப் பிடிப்போம். வடிகாலைத் தாண்டினா மேஸ்திரி குச்சியோட விரட்டுவார்."

அம்மாவின் முந்தானையில் வரும் பச்சை இலை வாசம் இன்னொரு தடவை கிடைக்காதா என்றிருந்தது அவருக்கு.

"வடிகாலையும் வரைங்க," என்றார் வேதவல்லி.

மறுவாரம் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. போன் எதுவும் வேலை செய்யவில்லை.

நான்காம் நாள் மதியம் புதுப் படம் வந்தது. கணினி பழையதோடு ஒப்பிட்டு, மாறிப்போன இடங்களில் சிவப்பைப் பூசியது.

இரண்டு இடங்கள். ஒன்று பெரியது, அக்காவின் லயனுக்கு நேர் மேலே. இன்னொன்று நாலு மலை தள்ளி, நகத்தளவு.

மீட்புக் குழு ஒன்றுதான் இருந்தது. அவர்களுடைய ஜீப், ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் சார்? ஓவர்," என்றது வாக்கிடாக்கி.

சவரிராஜ் வேதவல்லியைப் பார்த்தார்.

அவர் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

சவரிராஜ் விரலால் பெரிய சிவப்பின் ஓரத்தைத் தடவினார். மேலே வண்டிப்பாதை, பக்கத்தில் வடிகால். அவர் வரைந்த கோட்டை அது ஓரிடத்திலும் தாண்டவில்லை. நகத்தளவு சிவப்போ, அவர் வரைந்த பாதையை நடுவில் விழுங்கிவிட்டு ஓடைவரை இறங்கியிருந்தது.

"சின்னதுக்குப் போங்க. ஓவர்."

"பெரிசை விட்டுட்டா?"

"சரிஞ்சு வர்ற மண்ணு வடிகாலைப் பார்த்து நிக்குமாய்யா? அது கவாத்து. செடியெல்லாம் மொட்டையா வெட்டி விட்டிருக்காங்க. போங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இருந்த ஒரே குழுவை அக்காவிடமிருந்து திருப்பிவிட்டாகிவிட்டது. தப்பாக இருந்தால்? வேதவல்லி கொடுத்த தேநீர் ஆறிப்போனது.

நாலு மணிக்கு வாக்கிடாக்கி கரகரத்தது.

"இங்க ஒரு லயன் பாதி மண்ணுக்குள்ள, சார். பதினோரு பேர். எல்லாரும் உசிரோட இருக்காங்க. ஓவர்."

அக்காவின் போன் கிடைக்க ஆறு மணி ஆயிற்று.

"எங்களுக்கு என்னடா கேடு? எட்டாம் நம்பர்ல போன வாரந்தான் கவாத்து முடிஞ்சுது. அடுப்புக்குன்னு பொறுக்கி வெச்ச குச்சி பூரா நனைஞ்சு கெடக்கு. நீ சாப்பிட்டியா?"

அப்படியே அம்மாவின் குரல். சவரிராஜ் சிரித்தார், பிறகு அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார்.

"இப்பவாவது அடுத்த பாடத்தைச் சொல்லுங்க, மேடம்."

வேதவல்லி அவர் கோடு போட்ட பழைய படத்தைச் சுருட்டி, "இது உங்களுக்கு," என்று கையில் கொடுத்தார். அது இருந்த இடத்தில் புதுப் படத்தை விரித்தார். நாலு மலை தள்ளி இருந்த லயனின் வெள்ளைக் கோடு பாதிதான் மிச்சம் இருந்தது.

பென்சிலை நீட்டினார்.

"அடுத்த மழைக்கு முந்தைய படம், சார். வரைங்க."