ஆட்காட்டியின் பின்விரல்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மிருகத்துக்கும் நம்மைப் போலவே வாய் நீளமாக இருந்த காலத்தில், பெருமலை ஏரிக்கரையில் ஒருநாள் யானை முதல் தவளை வரை எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படி என்ன சிரிப்பு என்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் உடனே சொல்ல மாட்டேன். சிரிப்பு வேண்டுமென்றால் முதலில் தெற்குக் கரட்டுக்கு வந்து கொஞ்சம் வெயிலில் நிற்க வேண்டும்.

கரட்டில் கல் உண்டு, உடைமுள் உண்டு, நடுவில் ஒரு குட்டை உண்டு. அங்கே உடைமரக் கிளையில் கூடு கட்டி வாழ்ந்தாள் கரட்டழகி என்ற நெட்டைக்கால் பறவை. கோடையில் குட்டைக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவாள். அந்த ஈரம் இல்லையென்றால் முட்டை வெந்துவிடும். போன கோடையில் குட்டை சீக்கிரமே வறண்டது. நான்கு முட்டையும் வெந்தன. அதற்கு முந்தைய கோடையிலும் அப்படித்தான்.

கரட்டுக்கு மேகம் வராமல் இல்லை. ஆனால் எந்தக் காட்டின் தலைக்குமேல் மேகம் வந்தாலும் அதைப் பெருமலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். வழியில் சிந்தும் தூறல்தான் காட்டுக்கு. மேகமெல்லாம் மலை ஏரியில் கொட்டும். ஏரியின் மதகுக் கல்லைத் தூக்கும் பலம் ராஜா யானைக்கு மட்டுமே உண்டு. எந்தக் காட்டுக்கு எவ்வளவு என்று அவர்தான் பார்த்துத் திறந்துவிடுவார்.

பங்கீட்டு நாளில் ராஜாவின் பக்கம் இருப்பவர்கள் அவர் காலடியில், தரையில் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அத்திமரக் கிளையில் உட்காருவார்கள். கரட்டுப் பறவைகள் என்றைக்கும் கிளையில்தான். கரட்டு மதகும் என்றைக்கும் மூடியேதான்.

"இந்தத் தடவை நாம தரையில நிப்போம்" என்றாள் கரட்டழகி.

அவள் புருஷன் நெட்டையன் இறகைக் கோதுவதை நிறுத்தினான். "நின்னா?"

"நின்னா தண்ணி. வேற என்ன?"

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரலடி."

"மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா இந்த வருஷமும் அவிச்ச முட்டைதான்."

பங்கீட்டு நாள் வந்தது. கரட்டழகி தன் இனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் யானையின் காலடியில் நின்றாள். ராஜாவின் காரியதரிசி நாரையார் ஒற்றைக் காலில் நின்றபடி தொண்டையைச் செருமினார்.

"மகிழ்ச்சி. ஆயினும் நாளையே தாங்கள் மரமேறிவிட மாட்டீர்கள் என்பதற்கு உத்தரவாதம் தேவைப்படுகிறது. கிளையைப் பற்றுவது பின்விரல். அதனை ஒப்படைத்தால் விண்ணப்பம் முழுமை பெறும்."

"பின்விரலையா?" கரட்டழகி பக்கத்தில் பார்த்தாள். மேற்குக் காட்டுக் குரங்குகள் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைக் கிளையிலும் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. "இவங்க குடுத்தாங்களா?"

"அது வேறு கோப்பு" என்றார் நாரையார்.

நெட்டையன் அவள் காதருகே வந்தான். "அதைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனா எங்கடி உக்காருவே?"

கரட்டழகி வெந்த முட்டைகளை நினைத்தாள். குனிந்தாள். தன் அலகாலேயே கொத்தி எடுத்தாள். வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று. அவளே கொடுத்துவிட்டாளே என்று அவள் இனம் முழுவதும் கொடுத்தது. நெட்டையன் கடைசியாகக் கொடுத்தான்.

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தெற்குத் தங்கையே! என் உதிரத்தின் உதிரமே! கோடை பிறக்கும் முன் உன் குட்டை தளும்பும். இது இந்த யானையின் வாக்கு!"

தை போனது. மாசி போனது. கிளையைப் பிடிக்க விரல் இல்லாததால் கரட்டழகி கல்லோடு கல்லாக வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டாள். பகலெல்லாம் மலை ஏரியிலிருந்து வரும் வாய்க்காலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணோரம் சிவந்து தடித்தது. இரண்டு தடவை பெருமலைக்குப் பறந்து போய்க் கேட்டாள். "பரிசீலனையில் உள்ளது" என்றார் நாரையார். மறுமுறை, "தீவிரப் பரிசீலனையில் உள்ளது" என்றார்.

பங்குனியில் ஒரு காலை, குட்டையின் கடைசிச் சேறும் வெடித்தது. நெட்டையன் சிறகை விரித்து முட்டைகளுக்கு நிழல் பிடித்தான். "சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னு தெரியல. போய்ட்டு வா."

அவள் போனபோது மேற்கு மதகு திறந்திருந்தது. தண்ணீர் இரைந்து பாய்ந்தது. குரங்குகள் அதில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே, "இது ஒரு தண்ணியா? இவரெல்லாம் ஒரு ராஜாவா?" என்று யானையைத் திட்டின. யானை சிரித்த முகத்தோடு கல்லை இன்னும் ஒரு முழம் உயர்த்தினார்.

"ராஜா! திட்டுறவங்களுக்குத் தண்ணி. விரலைக் குடுத்த எங்களுக்கு?"

"அவசரப்படாதே தங்கையே. கவனிக்காவிட்டால் இவர்கள் நாளைக்கே மரமேறிவிடுவார்கள்."

"நாங்க ஏற மாட்டோமா?"

யானை மெதுவாகத் தும்பிக்கையை நீட்டி அத்திமரத்தின் தாழ்ந்த கிளையைக் காட்டினார். "ஏறேன்."

அப்போது எழுந்ததுதான் நான் சொன்ன அந்தச் சிரிப்பு. குரங்குகள் தண்ணீரில் விழுந்து புரண்டன. தவளைகள் தொண்டை உப்பச் சிரித்தன. நாரையார்கூட இரண்டாவது காலைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

கரட்டழகி குனிந்து தன் காலைப் பார்த்தாள். முன்னால் மூன்று விரல். பின்னால் ஒன்றுமில்லை. போக வேறிடம் இல்லாதவளுக்கு எவன் மதகைத் திறப்பான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

கத்திக்கொண்டே கரட்டுக்குப் பறந்தாள். நெட்டையன் இன்னும் சிறகை மடக்கவில்லை. அவன் நிழலில் முட்டைகள் வெந்து கிடந்தன.

அன்று முதல்தான் ஆட்காட்டி எந்த மரத்திலும் உட்கார முடியாமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. தூரத்தில் யார் தலை தெரிந்தாலும், நல்லது சொல்ல வந்தவர்தானா என்று நின்று பார்க்காமல், ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது.