இருவாச்சிக்குக் காத்திருந்தவர்

கோவையில் லேத் பட்டறை வேலை பார்த்துக்கொண்டே, நாற்பத்தெட்டு வயதில் புகைப்படம் கற்கச் சேர்ந்தார் மருதாசலம். கற்றுக்கொடுத்த நசீமா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் அவளை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணா" என்பாள்.

மாணவர்கள் எட்டுப் பேரை அவள் போர்னியோத் தீவின் மழைக்காட்டுக்கு அழைத்துப்போனாள். மற்றவர்கள் குரங்கு, முதலை, பட்டாம்பூச்சி என்று எடுத்துத் தள்ளினார்கள். மருதாசலம் ஒரே ஒரு படத்துக்காக வந்திருந்தார்.

அங்கே ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தது. தாயும் குஞ்சும் உள்ளே. பொந்தின் வாயைத் தாய் உள்ளிருந்தே மண் பூசி அடைத்திருந்தது. அலகு நுழைய ஒரு கீறல் மட்டும். ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்ட வேண்டும். அந்த ஊட்டும் கணம் அவருக்கு வேண்டும்.

முதல் நாள் நசீமா எல்லோரையும் தூரத்துப் புதர் மறைவில் நிறுத்தினாள். அங்கிருந்து எடுத்த படம் எதுவும் மருதாசலத்துக்குப் பிடிக்கவில்லை. பறவை புள்ளியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மரத்தின் கிட்டவே போய்க் காமிராவை நிறுத்தினார். மழை கொட்டியது. அட்டை கடித்தது. அவர் நகரவில்லை.

ஆண் பறவை எதிர்மரத்தில் வந்து உட்கார்ந்தது. தொண்டை புடைக்கப் பழம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. நாலு தடவை அப்படியே.

உச்சிப்பொழுதில் நசீமா சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். அறுபதடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், வந்து வந்து போகுதுங்க. ஏன் கிட்ட வர மாட்டேங்குது?"

நசீமா பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பொட்டலத்தை இங்க கொண்டாங்க டீச்சர். காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலீங்க."

அவள் அவரைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். அதே இடத்தில் நின்றாள்.

மருதாசலத்துக்குக் கோபம் வந்தது.

"விளையாடாதீங்க டீச்சர். கையில சோத்தை வெச்சுக்கிட்டு, பசிச்சவனுக்குக் குடுக்காம..."

பேச்சு அங்கேயே நின்றது. அவர் பொந்தைப் பார்த்தார். கீறல் வழியே ஓர் அலகு நுனி நீண்டது. ஒன்றும் கிடைக்காமல் உள்ளே போனது.

மருதாசலம் காமிராவைக் கழற்றினார். நசீமாவையும் தாண்டி அந்தப் புதர்வரை நடந்தார். அவள் பின்னாலேயே வந்து பொட்டலத்தை நீட்டினாள்.

"முதல்ல அது சாப்பிடட்டுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் ஆண் பறவை பொந்துக்கே வந்தது. தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக அத்திப்பழத்தை எடுத்து ஊட்டியது. பதினோரு பழம்வரை மருதாசலம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதற்குத்தான் விரல் அழுத்தியது.

மீதி மூன்று நாளும் விடிந்ததும் அந்தப் புதருக்கே போனார். கிளம்பும் அன்று படத்தை நசீமாவிடம் காட்டினார். எங்கும் பச்சை. பறவையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"இது போதுங்களா டீச்சர்?"

நசீமா படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"யாருக்குப் போதுமான்னு கேக்கறீங்கண்ணா? உங்களுக்கா, அந்தக் குஞ்சுக்கா?"