மேசை நின்ற உயரம்

டிரில்லிங் மிஷினின் மேசை மறுபடியும் நழுவியது. மேலே இருந்த இரும்புத் தகடு சொரிமுத்துவின் காலில் விழுந்தது. பெருவிரலில் மூன்று தையல்.

ஆவுடையப்பன் நேரே அம்மையிடம் போனார்.

"அவன் பட்டறையில இருந்தா நான் இருக்க மாட்டேன்."

தையல் போட்டுக்கொண்டு வந்தவனைத்தான் சொன்னார்.

அது தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். பூசைக்கு ஒரு மணி நேரம், பட்டறைக்கு எட்டு மணி நேரம். நடக்க முடியாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி செய்து கொடுப்பார்கள். மடத்துக்குத் தலைவி உலகம்மை. எல்லாருக்கும் அம்மை. வயது நாற்பதைத் தாண்டவில்லை.

ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிஷ்யனாக வந்து பதினோரு வருஷம். வந்த நாளிலிருந்து டிரில்லிங் மிஷின் அவர் பொறுப்பு.

"என்ன செஞ்சான்?" என்றார் அம்மை.

"முரட்டுக் கை. கைப்பிடியைச் சுத்துன்னா கெணத்துல தண்ணி எறைக்கிற மாதிரி சுத்துதான். மேசையைத் தூக்குற பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. உள்ள இருக்கிற சக்கரத்தைப் புதுசாக் கடைஞ்சு போட்டேன். ரெண்டு வாரம் தாங்கல."

"எந்தப் பல்லு தேஞ்சிருக்கு?"

"எல்லாந்தான்."

"பாத்தியளா?"

"பாக்க என்ன இருக்கு? பதினோரு வருசமாத் தொடுதேன்."

அம்மை முறத்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கீழ இருந்து ஒவ்வொரு பல்லாக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி. அப்புறம் அவனை அனுப்பிரலாம்."

"அனுப்பிருவியளா?"

"சொல்லிட்டேம்லா."

சொரிமுத்துவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வீட்டைத் தம்பிமார் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் மடத்துக்கு வந்தான். ஐம்பது வயசு. பட்டறை வாசலில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"மண்ணெண்ணெய் நான் ஊத்தட்டுமா அண்ணாச்சி?"

"கைய வச்சிராத."

மிஷினின் தூணை ஒட்டி ஓர் இரும்புச் சட்டம். அடி முதல் நுனி வரை பல். ராக் என்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் மேசை அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டு ஏறும், இறங்கும். ஆவுடையப்பன் மேசையை உச்சிக்கு ஏற்றிப் பூட்டினார். தரையில் குந்தினார். பிரஷை மண்ணெண்ணெயில் முக்கினார்.

முதல் பல். கறுப்புப் பிசுக்கு கரைந்து ஓடியது.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விளிம்பு கூராக இருந்தது. வெட்டிய கருவியின் மெல்லிய கோடுகள் அப்படியே இருந்தன. செய்தவன் இன்று காலையில்தான் கையை எடுத்த மாதிரி.

இரண்டாவது பல்லும் அப்படியே. பத்தாவது. இருபதாவது. ஒவ்வொன்றும் பிசுக்கிலிருந்து வெளியே வந்து மின்னியது. அவர் மூச்சு விடுவதே மெதுவாகிவிட்டது. ஆலையில் புது மிஷினைப் பெட்டி உடைத்து இறக்கிய நாள்களில்கூட இவ்வளவு நெருங்கிப் பார்த்ததில்லை. விரலால் தடவிப் பார்த்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தடவினார்.

பல் மேலே போகப் போக முழங்காலில் நிமிர்ந்து, பிறகு எழுந்து நின்று கழுவினார். நாற்பத்து நான்காவது பல்லில் பிரஷ் வழுக்கியது.

பல் இல்லை. பல் இருந்த இடம் இருந்தது. சரிந்து, மெலிந்து, பாக்குவெட்டி அலகு போல.

அப்படிப் பன்னிரண்டு. அதற்கு மேலே மறுபடியும் முழுப் பல்.

பன்னிரண்டும் அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தன. அவர் ஆறடி ஆள். அந்த இடத்தில்தான் தூணில் ஒரு சிவப்புக் கோடு. வந்த முதல் வாரமே அவர் போட்டது. மேசை அதற்குக் கீழே இறங்கக் கூடாது, குனிந்தால் இடுப்பு போய்விடும் என்று சட்டம். யாருடைய இடுப்பு என்று எவனும் கேட்கவில்லை.

பதினோரு வருஷமாக மேசை ஏறி இறங்கியதெல்லாம் இந்தப் பன்னிரண்டு பல்லில்தான்.

"ஏலே."

"என்ன அண்ணாச்சி?"

"நீ பலகையில ஏறி நின்னா வேல பாக்குத?"

"பின்ன? ஆண்டவன் என்னை அஞ்சடிக்கு மேல வளக்கலயே. கோடு உங்க உயரத்துக்குல்லா போட்ருக்கிய."

"கோட்டுக்குக் கீழ எறக்கிப் பாத்திருக்கியா?"

"நீங்க சாப்பிடப் போனா எறக்குவேன். வாறதுக்குள்ள ஏத்திருவேன். கீழ நழுவாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். மிஷினப் பத்தி நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியோன்னு கேட்டிய."

கேட்டது அவருக்கு நினைவில்லை. கேட்டிருப்பார் என்று தெரியும்.

பிரஷைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யலாம்?"

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில்லை. சொரிமுத்து வாசலில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"என்னையா கேக்கிய?"

"உன்னையத்தான்."

நொண்டிக்கொண்டு வந்தான். ராக்கின் அடியைப் பார்த்தான், நுனியைப் பார்த்தான்.

"ரெண்டு முனையும் ஒண்ணுபோலத்தான இருக்கு. கழட்டித் தலைகீழா மாட்டுனா என்ன? தேஞ்சது கீழ போயிரும். புதுப் பல்லு இங்க வந்துரும்."

ஆவுடையப்பன் ஸ்பானரை எடுத்தார்.

மேசைக்கு முட்டுக் கொடுத்தார்கள். கழற்றினார்கள். புரட்டி மாட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் போகவில்லை.

"நீ சுத்து," என்றார்.

சொரிமுத்து ஒற்றை விரலால் கைப்பிடியைச் சுற்றினான். மேசை ஏறியது. சத்தமே இல்லை. மதகு திறந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறுவது போல ஏறியது. விரலை எடுத்தான். மேசை நின்றது. பூட்டைத் தொடாமலே அந்தத் தகட்டைத் தூக்கி மேலே வைத்தார்கள். நின்றது. தகட்டுக்கு மேல் இரும்படிக்கும் பட்டடைக் கல்லை வைத்தார்கள்.

நின்றது.

ஆவுடையப்பனுக்கு இரண்டு கையும் தானாகவே குவிந்திருந்தன. யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியாது.

சாப்பிட வராதவர்களைத் தேடிக்கொண்டு அம்மை வந்தார்.

"கழுவியாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சு."

"அப்ப அனுப்பிரலாமா?"

ஆவுடையப்பன் மண்ணெண்ணெய்த் துணியால் சிவப்புக் கோட்டை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை கைப்பிடியைப் பிடித்து மேசையை இறக்கினார். ஏற்றினார். பாரத்தோடு மேசை நழுவாமல் நின்றது.

"யாரு சரி செஞ்சது?"

"சொரிமுத்து," என்றார் ஆவுடையப்பன்.