முரின் வீட்டுப் புகை

அயர்லாந்தின் மேற்கே, கடற்காற்று ஓயாத ஒரு பள்ளத்தாக்கில் வருஷம் இருட்டில்தான் பிறக்கும். அறுவடை முடிந்து, மாடுகள் மலை மேய்ச்சலிலிருந்து தொழுவம் திரும்பிய பிறகு வரும் ‘சௌவின்’ என்ற புது வருஷத் திருநாள் அது. அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிட வேண்டும். ஊர் மொத்தமும் சட்டியோடு குன்றின் மேல் கூடி நிற்கும். குருவம்மா ஈத்னா தீக்கடைகோலைக் கையில் எடுத்துப் புது நெருப்பு கடைவார். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு கங்கு வாங்கிப் போய் அடுப்பு மூட்டுவார்கள். ஊருக்கே ஒரே நெருப்பு என்பது ஏற்பாடு.

அடுப்புகள் அணைந்துவிட்டனவா என்று பார்த்து வருவது குருவம்மாவின் சீடன் ரோனனின் வேலை. நாற்பதைத் தாண்டியவன். நான்கு பருவத் திருநாள்களுக்கும் பொருள் சொல்வான். சடங்கில் ஒரு நூல் பிசக விடமாட்டான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரிக்கு அயர்லாந்திலும் சொந்தக்காரர்கள் உண்டு.

அன்று மாலை அவன் குன்றேறி வந்தபோது முகம் சிவந்திருந்தது. தூறல் வேறு.

“ஒரு வீட்டுல மட்டும் புகை வந்துதும்மா.”

“யார் வீடு?”

“முரின் வீடு. ஊருக்கெல்லாம் ஒரு வழின்னா அவளுக்குத் தனி வழியாம். தட்டினேன், திறக்கலை. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ளே போனேன். அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு.”

“எதுக்கு?”

“மாமியாருக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சாம். கல்லைச் சுட வச்சு, கம்பளியில சுத்தி, காலடியில வைக்கிறா.”

“நீ என்ன பண்ணினே?”

“தண்ணிக் குடத்தை எடுத்து அடுப்புல கவுத்துட்டேன்.”

அதைச் சொன்னபோது அவன் குரலில் பெருமை இருந்தது.

குருவம்மா தீக்கடைகோலைக் கீழே வைத்தார்.

“அந்தம்மாவுக்கு என்ன வழி?”

“புது நெருப்பு வர்ற வரைக்கும் பொறுக்க வேண்டியதுதான். ஒருத்திக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. ஊரு ஒண்ணா இருக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

குருவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கத் தொடங்கினார். ரோனன் பின்னாலேயே ஓடினான். முதல் கடைசல் குருவம்மா கையால்தான் என்பது வழக்கம். அதனால் ஊர் சட்டியும் கையுமாகத் தூறலில் நின்றது.

முரின் வீட்டில் அடுப்புச் சாம்பல் சேறாகிக் கிடந்தது. அவள் மாமியாரின் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“வாங்க. இன்னும் எதையாவது அணைக்க வேண்டியிருக்கா?”

“மாமியார் எப்படி இருக்காங்க?”

“தொட்டுப் பாருங்க.”

குருவம்மா தொட்டார். முழங்கால் வரைக்கும் சில்லிட்டிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, முரின்.”

“சொன்னா? கோடை தொடங்கறப்போ மாட்டையெல்லாம் ரெண்டு நெருப்புக்கு நடுவுல ஓட்டுறீங்க, சீக்கு வரக் கூடாதுன்னு. மாட்டுக்கு நெருப்பு உண்டு, இவங்களுக்குக் கிடையாது. நீங்க கடைஞ்சு, அது பத்தி, கங்கு இங்கே வந்து சேர்றதுக்குள்ள இவங்க உசுரு நிக்காது. அணைக்கணும்னு சட்டம் போட்டது நீங்கதானே?”

“நான்தான்,” என்றார் குருவம்மா. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ரோனன் பக்கம் திரும்பினார்.

“உட்காரு.”

“எங்கே?”

“அவங்க காலடியில. ஈரச் சட்டையைக் கழட்டிப் போடு. ரெண்டு காலையும் எடுத்து உன் வயித்து மேல வச்சுக்கோ.”

“அம்மா, மேலே எல்லாரும்...”

“வச்சுக்கோன்னு சொன்னேன்.”

அவன் உட்கார்ந்தான். பாதங்கள் வயிற்றில் பட்டதும் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. குருவம்மா தன் கம்பளியைக் கழற்றி இருவர் மேலும் போர்த்தினார். கிழவி கண்ணைத் திறந்தாள்.

“யாரு?”

“அடுப்புல தண்ணி ஊத்தினவரு, அத்தை,” என்றாள் முரின்.

கிழவி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“குளிருதுப்பா,” என்றாள்.

ரோனன் பாதங்களை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் அவன் கண் வாசலிலேயே இருந்தது. கடலுக்கு மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. குன்றிலிருந்து யாரோ கொம்பு ஊதினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊதினார்கள். அவனால் தாங்க முடியவில்லை.

“பொழுது போயிடுச்சும்மா. ஊரே மழையில நிக்குது. நீங்க நெருப்பு கடையலேன்னா புது வருஷம் எப்படிப் பிறக்கும்?”

குருவம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இந்தக் கால் சூடாகட்டும். அதுவரைக்கும் பழைய வருஷம்தான்.”