பார்க்காமல் அடைத்த பொந்து

மலைக்காட்டில் நெடுவாயன் என்னும் இருவாட்சிப் பறவையும் அவன் மனைவி செம்மணியும் வாழ்ந்து வந்தார்கள். முட்டையிடும் காலம் வந்தது. அவர்கள் குல வழக்கப்படி, பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்வாள். உள்ளே இறகுகளையும் உதிர்த்துவிடுவாள். குஞ்சுகள் வளரும்வரை, ஒரு சிறு பிளவு வழியே ஆண் ஊட்டும் பழங்களே உணவு.

பொந்து தேடியும் மண் சுமந்தும் நெடுவாயன் ஓய்ந்து போயிருந்தான்.

"ஓடைக்கரை ஆலமரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு அடைக்கிறேன்" என்றாள் செம்மணி.

"போன ஆண்டும் அதுதானே நமக்குச் சோறு போட்டது? மரம் எழுந்து நடந்தா போய்விடும்? எனக்குத் தோள் விட்டுப்போகிறது. நீ அடை."

அவள் பொந்துக்குள் புகுந்தாள். பின் அரைமனத்துடன் அடைத்தாள்.

இறகுகள் உதிர்ந்தன. முட்டைகள் பொரிந்து இரண்டு குஞ்சுகள் வந்தன. பக்கத்து மரங்களில் கிடைத்த சில்லறைப் பழங்களும் தீர்ந்த பிறகே நெடுவாயன் ஓடைக்கரைக்குப் பறந்தான். மரம் நின்ற இடத்தில் வெறும் வானம் தெரிந்தது.

"வாருங்கள் மாப்பிள்ளை, பந்தி முடிந்து இலையும் எடுத்தாயிற்று" என்றது, பெயர்ந்து கிடந்த வேரின்மேல் அமர்ந்திருந்த மலையணில். மரம் போன மழைக்காலத்துக் காற்றிலேயே சாய்ந்துவிட்டதாம். காட்டுக்கே தெரிந்த செய்தி, மேலே பறக்கிறவருக்கு மட்டும் தெரியவில்லையா என்று அது சிரித்தது.

நெடுவாயன் வெறும் அலகுடன் திரும்பினான். நடந்ததைச் சொல்லி, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்படி மனைவியைக் கெஞ்சினான்.

"வந்து எதைக் கொண்டு பறப்பேன்?" என்றாள் செம்மணி. "மரநாய்க்கும் குஞ்சுகளுக்கும் நடுவே இந்தச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது. எங்கே பழம் இருக்கிறதோ, அங்கே போய்க் கொண்டுவாருங்கள்."

இரண்டு மலைகளுக்கு அப்பால் ஓர் அத்திமரம் இருந்தது. விடியலில் கிளம்பினால் வெயில் சாயும்போதுதான் திரும்ப முடிந்தது. தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்த பழங்கள் ஒருவேளைப் பசிக்கே போதவில்லை. பிளவில் நாள்தோறும் நீளும் இரண்டு சின்ன அலகுகளில், ஒரு மாலை ஒன்று மட்டுமே நீண்டது. மற்றொரு குஞ்சு பசியால் இறந்திருந்தது. மீதமிருந்த அலகில் பழத்தை வைத்துவிட்டு, வலிக்கும் சிறகை மடக்கி அவன் கிளையில் அமர்ந்தான்.

நாம் நம்பியிருக்கும் பொருள் அதன் இடத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அதை நம்பிச் செய்யும் வேலையை அதன் பிறகே தொடங்க வேண்டும்.