திங்கட்கிழமை மட்டும்

“இன்னும் என்னதான் டீச்சர் பாக்கி? இதோட ஆறு வாரம் வந்தாச்சு” என்றார் இசக்கியப்பன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கில் வரும்போது போலீஸ்காரர் ஊதச் சொன்னார். ஊதினார். மாட்டிக்கொண்டார்.

மது மீட்பு மையத்துக்குப் போய், பரிசோதனையும் ஆலோசனையும் முடித்து, ‘வண்டி ஓட்டத் தகுதியானவர்’ என்று எழுதி வாங்கி வந்தால்தான் லைசென்ஸ் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள்.

அவர் பிழைப்பே பள்ளிக்கூட வேன். இப்போது அதை வேறு ஆள் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் வராவிட்டால் அந்த ஆளே நிரந்தரம் என்று பள்ளியில் கறாராகச் சொல்லியாயிற்று.

இன்று வியாழன்.

ஜெபராணிக்கு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். அங்கே ஆலோசகர். தலை நரைத்து வருகிறவர்களுக்கும் அவர் டீச்சர்தான்.

“நாலு கேள்விதான் பாக்கி. கேக்கட்டுமா அண்ணாச்சி?”

இசக்கியப்பன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“கடைசியா குடிச்சது?”

“மாட்டுன அன்னைக்கோட சரி. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல.”

அது உண்மைதான்.

“கை நடுங்குதா?”

இரண்டு கையையும் நீட்டினார். லேசாக நடுங்கின. பயத்தில்தான் என்று அவருக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியுமா?

“தூக்கம்?”

“அந்தக் காகிதத்தைக் குடுங்க, தன்னால வந்துரும்.”

ஜெபராணி சிரித்தார். ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இசக்கியப்பன் மூடியிருந்த பேனாவையே பார்த்தார்.

“வேன் ஓட்டுற அன்னைக்கு எப்படி?”

“என் மக மேல சத்தியம் டீச்சர். பிள்ளைங்க ஏறுற வண்டியைக் குடிச்சிட்டுத் தொட்டதே கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். ஒத்த நாள். அன்னைக்கு ஸ்கூல் இல்லைலா?”

ஜெபராணி காகிதத்தை எடுத்தார். சீல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

ஆறு வாரத்துக்குப் பிறகு இசக்கியப்பன் ஒழுங்காக ஒரு மூச்சு விட்டார்.

“அண்ணாச்சி, ஒரு உதவி.”

“என்ன டீச்சர் இப்படிக் கேக்கீங்க? சொல்லுங்க.”

“என் மக ஒண்ணாப்பு படிக்கா. உங்க ஸ்கூல்தான். நீங்க திரும்ப வந்ததும் உங்க வேன்லயே அனுப்பிரலாம்னு பாக்கேன்.”

“தாராளமா! என் கண்ணுக்கு எட்டுற சீட்லயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன். உங்க பிள்ளை எனக்கு வேத்துப் பிள்ளையா?”

“எத்தனை மணிக்கு வருவீங்க?”

“ஏழரைக்கு வாசல்ல நிப்பேன். ஹாரன்கூட அடிக்க மாட்டேன்.”

“சரி. அப்போ வர்ற திங்கட்கிழமையே அனுப்பிரவா?”

“திங்கட்கிழமை வேண்டாம் டீச்சர்.”

சட்டென்று வந்துவிட்டது.

“இந்தத் திங்கட்கிழமையா?”

“இல்ல… பொதுவாவே. திங்கட்கிழமை மட்டும் நீங்களே கொண்டு விட்டுருங்க. மத்த நாள் நான் பாத்துக்கிடுதேன்.”

வேண்டியவர்களுக்கு நல்லது சொல்லும் அக்கறையோடுதான் சொன்னார்.

ஜெபராணியின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

“உங்க வேன்ல மொத்தம் எத்தனை பிள்ளைங்க அண்ணாச்சி?”

“பதினேழு.”

“திங்கட்கிழமை?”

இசக்கியப்பன் விரல்விட்டு எண்ணப் பார்த்தார்.

திங்கட்கிழமை என்றால் வெள்ளைச் சீருடை. பதினேழு பேரும் வெள்ளையில் நிற்பார்கள். ஏறியதும் தூங்கிவிடும் ஒருத்தி. ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி. “மாமா, வேகமாப் போங்க” என்று பின்னாலிருந்து கத்தும் ஒருவன்.

பதினேழு அம்மாக்கள் வாசலில் நின்று கையசைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை குடித்தது திங்கள் காலையில் முழுதாக இறங்கியிருக்காது என்று அவர்களில் ஒருத்தியிடமும் அவர் சொன்னதில்லை.

“பதினேழுதான், டீச்சர்.”

ஜெபராணி குனிந்தார். கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்துக்குப் பேனா இறங்கியது.

இசக்கியப்பன் எட்டி, அந்த இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

“வேன வேற ஆளே ஓட்டட்டும் டீச்சர்.”